ஆலைச் சங்கு

அரியலூர் பஸ்ஸில், மடியில் சோத்து டப்பாவோடு உட்கார்ந்திருந்த பெண் பக்கத்து சீட்டு அம்மாவிடம் சொன்னாள்.

"சாயங்காலம் சிமெண்ட் ஆலையில சங்கு ஊதுனா, எங்க மாமனாரு வேலைக்குக் கிளம்பிடுவாருக்கா."

"இந்நேரம் ரிட்டயர் ஆயிருப்பாரே?"

"மறதி நோயில அது அவருக்குத் தெரியல. தடுத்தா அடிக்க வருவாரு. நான் இந்த டப்பாவக் கையில குடுத்து, தெருமுனை வரைக்கும் கூட்டிட்டுப் போயி, 'இன்னிக்கு லீவாம் மாமா'ம்பேன். பேசாம திரும்பிடுவாரு."

"அப்புறமென்ன?"

"எங்க வூட்டுக்காரரோட அண்ணன் நேத்து வந்தாரு. தெருவுல மானம் போவுதாம். டாக்டரக் கேக்காம தூக்க மாத்திரையக் குடுத்துட்டாரு. மனுசன் தள்ளாடி விழுந்து, தலையில தையலோட ஆஸ்பத்திரியில கெடக்காரு."

"அண்ணன்காரரு?"

"ஊருக்குப் போயிட்டாரு. கடைசியா ஒரு சங்கு ஊதுவாங்கல்ல, அதுக்கு மட்டும் மூத்த புள்ளன்னு முன்னால வந்து நிப்பாரு."