அவ பக்கத்து மைக்

என்னது, பெல்ட்டா? அதெல்லாம் பிளேன்ல ஏறினதுமே போட்டுட்டேன் சார். எங்க விட்டேன்? ஆங், ரேடியோ. இருபத்திரண்டு வருஷமா அறிவிப்பாளர். காலையில மணி சொல்றதிலேர்ந்து வானிலை வரைக்கும் நம்ம குரல்தான். அப்படிப்பட்டவனைக் கடல் தாண்டிக் கூப்பிட்டா சும்மா இருப்பேனா? தெரு பூரா சொல்லிட்டேன். இஸ்திரி போடறவர்கிட்ட ரெண்டு தடவை சொன்னேன்.

கூப்பிட்டது ஒரு அம்மா. ரேடியோவை வெச்சு விதவிதமா ஏதாவது செஞ்சு பாக்கறவங்க. கதை, பாட்டு, செய்தி ஒண்ணும் கிடையாது, வெறும் சத்தத்துலயே ஒரு மணி நேர நிகழ்ச்சி. நாலு நாட்டு ஆளுங்க சேர்ந்து பண்ணணும். வீட்டுல ஒருத்தரை உக்கார வெச்சு ஒரு மணி நேரம் பேசுங்க, உங்களுக்கு ஒரு மைக், கேக்கறவங்களுக்கு ஒரு மைக், தனித்தனியாப் பதிவு பண்ணிக் கொண்டாங்கன்னு எழுதியிருந்தாங்க.

என் குரலுக்குத்தான் கூப்பிடறாங்கன்னு நினைச்சேன். இருங்க சார், முடிச்சுடறேன். வெந்நீர் குடிச்சுத் தொண்டையைத் தேத்திக்கிட்டு, வீட்டுக்காரியைச் சாப்பாட்டு மேஜையில உக்கார வெச்சேன். ஃபேனை நிறுத்தினேன். ஃபிரிட்ஜைப் பிடுங்கி விட்டேன். மறுபடி மாட்ட மறந்து பால் கெட்டுப்போச்சு, அது வேற விஷயம். நேரடி ஒலிபரப்புல கரண்ட் போனப்ப நான் எப்படிச் சமாளிச்சேன்னு ஆரம்பிச்சு, அறுபது நிமிஷம் எங்கயும் தடுமாறலை. அவ கண்ணுல தண்ணி. வேர்வையாவும் இருக்கலாம்.

போட்டுக் கேட்டேனாவா? கேக்காம? என் பக்கம் மட்டும் மூணு தடவை கேட்டேன். அவ பக்கம் என்ன இருக்கப்போகுது?

என்ன, ஜன்னலைக் காட்டறீங்க? வெறும் மேகம்தான் சார், நான் பாத்துட்டேன்.

அங்க ஸ்டூடியோவுல அந்தம்மா முதல் வேலையா என் குரலை சுத்தமாக் குறைச்சுட்டாங்க. எதுக்குங்கன்னேன். எங்களுக்கு வேண்டியது கேக்கறவங்க சத்தம்தான், பேசறவங்க வேண்டாம்னாங்க. மூஞ்சியில அடிச்ச மாதிரி ஆயிடுச்சு. ஒருத்தர் நாயைக் கேக்க வெச்சுப் பதிவு பண்ணியிருந்தார் சார். அது குரைச்சா நான் பேச்சை நிறுத்திடுவேன்னார். பெரிய மனுஷன்.

அப்புறம் என்னோடது. வளையல் சத்தம். நாற்காலி கிரீச்சுன்னுது. ஒரு பெருமூச்சு. அப்புறம் அவ குரல், ஒரு நிமிஷம்ங்க. கொஞ்ச நேரம் ஒண்ணுமில்லை. இல்லீங்க, ஒரு நிமிஷம். இப்படிப் பதினோரு தடவை சார். கடைசி தடவை வெறும் ஒரு-ன்னு ஆரம்பிச்சு அதோட விட்டுட்டா. எதிர்லயேதான் உக்காந்திருந்தேன், ஒண்ணுகூட என் காதுல விழலை. எனக்கு அவமானமாப் போச்சு.

அந்த ஸ்டூடியோ அம்மாவுக்கு நம்ம பாஷை தெரியாதே. இது என்ன, திரும்பத் திரும்ப இவ்வளவு அழகா வருதேன்னு கேட்டாங்க. எங்க வீட்டு சாமி பேருன்னு சொல்லிட்டேன். நிகழ்ச்சிக்கே அந்தப் பேரை வெச்சுட்டாங்க. போஸ்டர் பெட்டியில இருக்கு. வீட்டுல எப்படிக் காட்டறதுன்னு தெரியலை.

கேட்டேனே, அன்னிக்கே வீட்டுக்குப் போன் போட்டு, என்னம்மா சொல்ல வந்தேன்னு கேட்டேன். நேர்ல வாங்க, சொல்றேன்னா. பயமா இருக்கு சார். ஃபிரிட்ஜ் விஷயமா இருந்தா பரவாயில்லை. ஆனா அது ஃபிரிட்ஜுக்கு வர்ற குரல் இல்லை.

அதனாலதான் சார் உங்களை இந்தப் பாடு படுத்தறேன். உள்ள இருக்கறதையெல்லாம் வீடு போய்ச் சேர்றதுக்குள்ள கொட்டித் தீத்துடணும். அவ கதவைத் திறந்ததும் அதே மேஜையில போய் உக்காரணும், அவ சொல்லி முடிக்கற வரைக்கும் வாயைத் திறக்கக்கூடாது. முடியுமான்னு சந்தேகமா இருக்கு. இறங்கறதுக்கு முன்னாடி ஒரு தடவை பழகிப் பாத்துக்கறேனே. நீங்களும் ஏறினதிலேர்ந்து ஏதோ சொல்ல வர்றீங்க. சொல்லுங்க. நான் பேசலை.

ம்.

ம்.

அடடா, இந்த ஜன்னல் சீட்டு உங்களோடதா? எத்தனை தடவை சார் சொன்னீங்க?