குங்குமம் வைத்த காவல் பெட்டி

"ஹலோ... ஹெட் ஆபீஸா? ஆமா மேடம், தாவணகெரே பால் பண்ணைதான். வீரேசப்பா பேசறேன், கம்ப்யூட்டர் பாதுகாப்பு... ஆமா, ஆமா, வைரஸேதான். ஒரு மெஷினும் தொறக்கல. பால் வண்டியெல்லாம் ரோடு வரைக்கும் நிக்குது..."

எதிரே எடைமேடைக் குமாஸ்தா திப்பேசாமி கைகட்டி நின்றார். அவரை முறைத்தபடியே வீரேசப்பா தொடர்ந்தார்.

"யாரா? வேற யாரு, எங்க திப்பேசாமிதான்! எந்நேரமும் பென் டிரைவும் பாட்டும்... இல்ல, கண்ணால பார்க்கல. முழியைப் பார்த்தாலே தெரியுதே! ... சஸ்பென்ஷன் ஆர்டர் ரெடியா? அனுப்பிடுங்க மேடம். ... ஓட்டையா? எங்க ஆபீஸ்லயா? பென் டிரைவ் சொருகற அத்தனை ஓட்டையையும் கோந்து ஊத்தி அடைச்சவன் நான். சித்ரதுர்கா கோட்டை ஓட்டையில ஓபவ்வா உலக்கையோட நின்னு எதிரியை அடிச்சாளே, அந்த மாதிரி... சரி, சரி, சரித்திரம் வேண்டாம். ... வைரஸ் முதல்ல நுழைஞ்ச மெஷின் தெரிஞ்சுபோச்சா? சபாஷ்! பேரைச் சொல்லுங்க, இந்த ஆளும் கேக்கட்டும். ... 'கோட்டை'யா? ... இன்னொரு தடவை சொல்லுங்க."

குரல் பாதியாகிவிட்டது.

"அது... என்னுது மேடம். ... ஆமா, நானே வச்ச பேரு. ... நான் எதுக்கு பென் டிரைவ்... இருங்க, இருங்க. ஆயுத பூஜைக்கு தேவி பாட்டு போட்டோம். கோயில் வாசல் கடையில வாங்கினது. ... என் மெஷின்லதான். மத்ததுலதான் ஓட்டையே இல்லையே! ... எச்சரிக்கை வந்துச்சு. வந்து வந்து அம்மன் முகத்தையே மறைச்சுது. அதான், வைரஸ் தடுப்பை... ஆமா. நானேதான் அணைச்சேன். ... மறுபடி போடலையாவா? பூஜை பண்ணின ஆயுதத்தை அன்னிக்கு எப்படி மேடம் தொடறது? ... ஃபயர்வால்... அந்தக் காவல் பெட்டியில சிவப்பு விளக்கா? எதுவும் எரியலையே. பார்க்கறேன்."

மூலையில் இருந்த காவல் பெட்டியின் சாமந்தி மாலையை ஒதுக்கினார். அதன் நெற்றியில் அப்பியிருந்த குங்குமத்தைக் கட்டைவிரலால் துடைத்தார். அடியில் சிவப்பு விளக்கு விட்டு விட்டு எரிந்தது.

"எரியுது மேடம். ... ஜோராவே எரியுது. பொட்டை அதும்மேலயே வச்சிருக்கேன். ... சிரிக்காதீங்க. ... சரி, சிரிங்க. ஓபவ்வா உலக்கையை ஓரமா வச்சுட்டு, எதிரிக்கு ஆரத்தி எடுத்து, மண்டக்கிப் பொரி குடுத்து உள்ளே கூட்டிட்டு வந்திருக்கா! ... ஐயோ, அந்த ஆர்டர்! அனுப்பிட்டீங்களா? ... இல்லையே? அப்பாடா! பேரை மாத்துங்க. ... யோசிச்சுத்தான் சொல்றேன். திப்பேசாமியை அடிச்சுட்டு வீரேசப்பான்னு போடுங்க. ... மாத்தியாச்சா? வாசிங்க. ... ம். ... சரியா இருக்கு. ... இப்பவே வயரைப் புடுங்கணுமா? எல்லாமா? ... திப்பேசாமி, அந்த நீல வயரைப் புடுங்குப்பா. என்னை என்ன பார்க்கறே? ஆர்டர் உனக்கு இல்ல, எனக்கு! ... மேடம், ஒண்ணு மறந்துட்டேன். இந்த போனும் அதே வயர்லதான் ஓ..."