மெரூன் ஸ்வெட்டரின் கழுத்து

1980 டிசம்பர். டெல்லி ரிட்ஜ் காட்டுப் பாதையில் ஒரு ஆள் கழுத்து நெரிபட்டுச் செத்துக் கிடந்தான். நல்ல பனி. இடுப்புக்கு மேலே உடம்பில் துணியில்லை.

ரஜாய்ப் போர்வையை இழுத்துப் போர்த்திக்கொள்ளுங்கள். இது நம்ம செல்வராஜின் அக்கா அம்சவேணிக்கு நடந்தது.

ஜனக்புரியில் வீடு. புருஷன் சிவஞானத்துக்கு ஆஸ்துமா. குளிர் வந்தால் நெஞ்சு விசிலடிக்கும். போன வருஷம் ஆஸ்பத்திரியில் பிழைத்ததே பெரிசு. இந்தக் குளிரைத் தாண்ட அவருக்குக் கனமாக ஒரு ஸ்வெட்டர் வேண்டும். டெல்லியில் எல்லாப் பெண்களும் செய்வதுதான்... புதன்கிழமை கூடும் புத் பஜாரில் பழைய ஸ்வெட்டர் வாங்கி, பிரித்து, அலசி, மறுபடி பின்னுவது. அவளுக்கு ஒரு மெரூன் அகப்பட்டது.

நூல் சரசரவென்று பிரிந்து வந்தது. கழுத்துப் பக்கம் மட்டும் விறைத்துப்போய் முரண்டு பிடித்தது. வெந்நீரில் போட்டதும் துருப்பிடித்த இரும்பு வாசனை.

"அதைத் தூரப் போடு அம்சா," என்றாள், மாடி வெயிலில் பக்கத்தில் பின்னிக்கொண்டிருந்த அடுத்த வீட்டு ருக்மிணி.

"போட்டா கழுத்துக்குப் பத்தாதுக்கா. இதே கலருக்கு எங்க போக?"

அந்த நூலிலேயே கழுத்தை முடித்தாள்.

"என் கழுத்தை அளந்தியா, கோழிக் கழுத்தை அளந்தியா?" என்றார் சிவஞானம். பிரித்து, கண்ணிகளைக் கூட்டிப் பின்னினாள். காலையில் பார்த்தால்... மறுபடி இறுக்கம்.

"போடப் போட விட்டுக்கொடுக்கும்," என்றாள்.

ஜனவரி. சாயங்காலம் ஆறு மணி. டவுனுக்குள் போய்விட்டு ரிட்ஜ் வழியாக ஸ்கூட்டரில் திரும்பினார்கள். மூடுபனி. ரோட்டில் வேறு வண்டி இல்லை.

டிக்... டிக்... டிக்.

பின்னல் ஊசிகள் உரசுகிற சத்தம். அவளுடைய ஊசிகள் மடியில், பைக்குள் இருந்தன. கண்ணெதிரே... அவர் கழுத்தில் வரிசை வரிசையாகக் கண்ணி ஏறிக்கொண்டிருந்தது.

ஸ்கூட்டர் சாய்ந்தது. சிவஞானம் தொண்டையைப் பிறாண்டினார், நகம் பெயர்ந்தது. மூக்கில் ரத்தம். அம்சவேணி விரல்களை உள்ளே விட்டு இழுத்தாள். நூல் இறுக்கியதில் இரண்டு விரல் ஒடிந்தது. இரும்பு ஊசியை எடுத்து, கழுத்துக்கும் நூலுக்கும் நடுவே விட்டு நெம்பினாள். ஊசி அவள் பிடியிலேயே திரும்பியது... அவர் காதுக்குக் கீழே இறங்கியது.

டிக் சத்தம் நின்றது.

போலீஸ் வந்தபோது ஊசி அவள் கையில் இருந்தது. செத்தது ஊசிக் குத்தில்தான், நெரித்த தடமே இல்லை என்று டாக்டர் எழுதினார். கோர்ட்டில் ஸ்வெட்டரை விரித்துக் காட்டினார்கள். அதில் கழுத்து மட்டும் இல்லை. வெட்டின அடையாளமும் இல்லை. தோள்வரை கண்ணிகளை ஒழுங்காக முடித்து, முடிச்சுப் போட்டிருந்தது.

அம்சவேணிக்கு ஆயுள் தண்டனை கிடைத்தது.