டெல்மர் ஹாக்ஸ்ட்ரா மாற்றிக் கேட்ட இரண்டு ரோல்கள்

நாணயச் சங்கத் தலைவர் வெர்ன் அவர்களே, முன்வரிசையில் அமர்ந்திருக்கும், மறைந்த டெல்மரின் மனைவி ஆர்லிஸ் அம்மையாரே, நாற்காலி போதாமல் காபிக் கோப்பையோடு சுவரோரம் நிற்கும் நண்பர்களே, உங்கள் அனைவருக்கும் வணக்கம். நான் ஜோலீன். உங்கள் சங்கத்து உறுப்பினர் அல்ல. நம் ஊர் வங்கியில் இருபத்தாறு ஆண்டுகள் கவுண்டருக்கு உள்ளே நின்றவள். "அரை டாலர் ரோல் ஏதாச்சும் வந்திருக்கா?" என்று, காகிதத்தில் சுற்றி வரும் காசுக் கட்டுக்காக நீங்கள் நச்சரித்தது என்னைத்தான்.

அப்படிக் கேட்கும் முறை அறிந்தவர் யார்? பள்ளிப் பேருந்துகளின் மெக்கானிக், மதிப்புக்குரிய டெல்மர் ஹாக்ஸ்ட்ரா அவர்கள். சம்பள நாளில் வந்து வரிசையை அடைக்க மாட்டார். பழைய வெள்ளிக் காசு இருக்கிறதா என்று தேடி முடித்த மிச்சத்தை எங்கள் கவுண்டரிலேயே கொட்டி உயிரை வாங்க மாட்டார். பக்கத்து மாவட்டத்து வங்கி வரை வண்டியில் கொண்டுபோய்ப் போடுவார். இங்கே சிலர் அப்படி இல்லை. பெயர் சொல்ல மாட்டேன், வெர்ன்.

ரோல் முழுக்க வெள்ளி கிடைப்பது எப்பேர்ப்பட்ட பேறு என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டுமா? உங்களில் ஐந்து பேருக்குக் கிடைத்தது. டெல்மருக்குக் கிடைக்கவில்லை என்று கேலி செய்தீர்கள். "உனக்குன்னு வர்றப்ப வெள்ளியும் தகரமாயிடும்டா" என்றீர்கள். அவர் என்ன செய்தார்? "அடுத்த வாரம் பாரு" என்று சொல்லிவிட்டு இன்னொரு டோனட்டை எடுத்துக்கொண்டார்.

நண்பர்களே, அவருக்கு முழு வெள்ளி ரோல் கிடைத்தது. கொடுத்தவள் நான்.

அப்போது எனக்கு வேலை கிடைத்து மூன்று வாரம். கணவர் விட்டுப் போயிருந்தார், வீட்டில் இரண்டு குழந்தைகள். பண்ணைக்காரப் பெண்மணி ஒருவர் லாக்கர் அறை மேசையில் இரண்டு அரை டாலர் ரோல்களை மறந்துவிட்டுப் போனார். மேலாளரிடம் ஒப்படைக்க எடுத்து வந்தேன். தொலைபேசி மணி அடித்தது. இழுப்பறைக்குப் பக்கத்தில் வைத்தேன், மறந்தேன். டெல்மர் வந்து, யாராவது வீட்டில் கையால் சுற்றிய ரோல் இருக்கிறதா என்று கேட்டார்; பழைய காசு அதில்தானே அகப்படும். சந்தோஷமாக எடுத்து விற்றேன்.

அன்றே வங்கி மூடப் பத்து நிமிடம் இருக்கும்போது அதே ரோல்களோடு வந்து நின்றார். மேலாளர் என் தோளுக்குப் பின்னால் நின்றிருந்தார்.

"இது ரெண்டும் சரிப்படல ஜோலீன், வேற குடும்மா."

எனக்குச் சுர்ரென்று வந்தது. "இதென்ன தக்காளியா மிஸ்டர் ஹாக்ஸ்ட்ரா, பொறுக்கி எடுக்க?"

"கிழவன்னா அப்படித்தான். கோவிச்சுக்காம மாத்திக் குடு."

மேலாளர் சிரித்தார். "குடுத்துத் தொலைம்மா, இல்லாட்டி மனுஷன் நகர மாட்டார்" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார். அப்போதுதான் பிரிந்திருந்த காகித இடுக்கில் இரண்டு ரோல்களின் காசு ஓரங்களையும் பார்த்தேன். புதுக் காசின் ஓரத்தில் தெரியும் செம்புக் கோடே இல்லை, அத்தனையும் வெள்ளி. ஒன்றில் ஒரு துண்டுச் சீட்டு நீட்டிக்கொண்டிருந்தது: "பேரன் கல்யாணத்துக்கு." பண்ணைக்காரப் பெண்மணி மறந்துபோன ரோல்கள்! சட்டென்று அவற்றை உள்ளே வைத்துவிட்டு வேறு இரண்டை எடுத்துக் கொடுத்தேன்.

அவர் குனிந்து மெல்லச் சொன்னார்: "சீட்டு மட்டும் இல்லன்னா திரும்பி வந்திருக்கவே மாட்டேன்மா. எனக்குன்னு வந்ததுன்னுதான் நெனச்சேன்." எவ்வளவு ஆசையோடு பிரித்திருப்பார்! வங்கி விற்ற காசு வாங்கியவருக்கே சொந்தம் என்பதுதானே உங்கள் வழக்கம்? வைத்துக்கொண்டிருந்தால் யார் கேட்டிருக்க முடியும்? என் வேலை போயிருக்கும். அவருக்கு வெள்ளி மிஞ்சியிருக்கும்.

மறுநாளே ரோல்கள் உரியவரிடம் போய்ச் சேர்ந்தன. டெல்மர் இதைப் பற்றி அதன் பிறகு ஒரு சொல் பேசவில்லை. ஆர்லிஸ் அம்மா, உங்களிடமாவது சொன்னாரா? இல்லை என்று தலையாட்டுகிறார். நீங்கள் கேலி செய்தபோது நானும் வாயை மூடிக்கொண்டிருந்தேன். அதுதான் என் தப்பு. முதலில் பயம், பிறகு வெட்கம், பிறகு காலம் ஓடிவிட்டது. அவர் உயிரோடு இருக்கும்போது சொல்லியிருக்க வேண்டும்.

இனி வங்கிக்கு ரோல் கேட்டுப் போகும்போது அவரைப் போலவே போவோம் என்று இந்தக் கூட்டத்தில் உறுதி எடுப்போம். ஓய்வு பெற்றவள்தானே, என்னையும் சங்கத்தில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

கடைசியாக ஒன்று. முழு வெள்ளி ரோல் கண்டவர்களின் பெயர்ப்பலகை உங்கள் சங்க அறையில் தொங்குகிறது. ஐந்து பெயர்கள். கண்டவர் என்றுதானே அதில் எழுதியிருக்கிறது, வைத்துக்கொண்டவர் என்று இல்லையே? இன்றே அவர் பெயரைப் பொறியுங்கள். பக்கத்தில் எண்ணிக்கை போடும் இடத்தில் ஒன்று என்று போட்டுவிடாதீர்கள், வெர்ன். இரண்டு.