டெல்லிக் குளிருக்கு ஒரு பேண்ட்

வெள்ளிக்கிழமை காலை வடிவுடையம்மனைக் கும்பிட்டுவிட்டு, திருவொற்றியூரில் ரயில் ஏறினேன். பெண்கள் பெட்டியில் எனக்கு எதிரே, மீன் விற்கிற அம்மாக்கள் இரண்டு பேர் காலிக் கூடைகளோடு உட்கார்ந்திருந்தார்கள். இளையவர் பையிலிருந்து ஒரு கறுப்புப் பேண்ட்டை எடுத்து மடியில் விரித்தார்.

“கடையிலயே மாட்டிக்கினு குந்திப் பாத்துட்டேன் அண்ணி. மீன் அரியிற மாதிரியே.”

“ஐயே! கடக்காரன் சிரிக்கல?”

“சிரிச்சான். மொத ரெண்டு பேண்ட்டு குந்தும்போது இடுப்பைப் புடிச்சிது, வேணான்னுட்டேன். இது எலாஸ்டிக்கு. உள்ள பஞ்சு மாதிரி கீது, தொட்டுப் பாரு.”

“மெத்துன்னுதான் கீது. அதுக்குன்னு இந்த வயசுல பேண்ட்டா? பொடவ மேல ஸ்வெட்டர் போட்டுக்கினு போயேன்.”

“டெல்லியில இப்போ குளுரு கால் வழியா ஏறுதாம், பொண்ணு போன்ல சொல்லிச்சு. நாள் பூரா ஊர் சுத்திக் காட்டுதாம்.”

“நம்ம ஆளுங்க போட்டோவைப் பாத்தா இன்னா பேசுவாங்க?”

“பேசட்டுமே. எம்பொண்ணு பேண்ட் போட்டுக்கினுதான் அங்க மெட்ரோ ரயிலு ஓட்டுது. அது ஓட்டுற ரயில்ல குந்திக்கினு போற நான் பேண்ட் போட்டா இன்னா தப்பு?”

கொருக்குப்பேட்டை வரும்போது, இளையவர் பேண்ட்டைச் சுருட்டிப் பையில் திணிக்கப் போனார். மூத்தவர் முந்தானையில் கையை அழுத்தித் துடைத்துக்கொண்டு அதை வாங்கினார்.

“இப்டியா சுருட்டுவ? குடு, நான் மடிச்சித் தரேன். ரயில் ஓட்டுறவளோட அம்மா, கசங்கினதைப் போட்டுக்கினு போய் எறங்குவியா?”