அணைக்கக் கூடாத பெட்டி

பட்டுநூல் இருக்கும் வீட்டில் கம்ப்யூட்டர் வைத்தால் அதன் ஃபேனை அடிக்கடி ஊதிச் சுத்தம் செய்ய வேண்டும், சார். நூல் தூசி கண்ணுக்குத் தெரியாது. உள்ளே போய்ப் பஞ்சு மாதிரி படிந்துவிடும். ஓரிக்கையில் பூவராகவன் அண்ணன் வீட்டுக்கு நான் போய்வந்ததெல்லாம் அந்த வேலைக்குத்தான். ஆயுத பூஜை அன்று காலையிலும் அதற்காகத்தான் போனேன் என்று முதலில் உங்களிடம் சொன்னேன். அது பாதி உண்மை.

அண்ணன் புடவைக்கு டிசைன் போடுகிறவர். கம்ப்யூட்டரில் அவர் வரையும் மயிலும் யாளியும்தான் தறிக்குப் போகும். சென்னையில் ஒரு பெரிய கடை அவருக்கு வேலை கொடுக்க வந்தது. அவர்கள் அனுப்பும் ஃபைல் ஆப்பிள் கம்ப்யூட்டரில்தான் திறக்கும். அதை வாங்க அண்ணனுக்கு வசதி இல்லை. நான் செய்து தருகிறேன் என்றேன்.

நான் இன்ஜினியரிங்கைக் கடைசி வருடத்தில் விட்டவன். ஒரகடத்தில் ஒரு கம்பெனியில் நைட் ஷிப்ட். பகலில் தூக்கம் வராது. ஆனந்தராஜின் காயலான் கடையில் ஏதோ ஆபீஸ் கழித்துப் போட்ட சர்வர் போர்டு ஒன்று கிடைத்தது. அதில் இரண்டு பிராசஸர் மாட்டலாம். கடையில் விற்கும் எந்தப் பெட்டியிலும் அது அடங்காது. கிரில் கேட் செய்யும் பட்டறைக்குப் போய் இரும்புத் தகட்டை வளைத்து நானே பெட்டி செய்தேன். பெயிண்ட் அடிக்கவில்லை.

ஆப்பிளின் சிஸ்டம் அடுத்தவன் மெஷினில் ஓடாது. பாதி எழுந்திருக்கும், அங்கேயே செத்துவிடும். எங்கே செத்தது என்று பார்த்து, அந்த இடத்தில் அதற்கு ஒரு பொய் சொல்ல வேண்டும். நீ இருப்பது உன் சொந்த வீட்டில்தான் என்று. மாதக்கணக்கில் சொன்னேன். ஒருநாள் நம்பிவிட்டது. திரையில் அந்தப் பழம் வந்து நின்றது. வாழ்க்கையில் நான் முடித்த ஒரே காரியம் அதுதான்.

ஒரு குறை இருந்தது. அணைத்தால் திரும்ப எழுந்திருக்குமா என்று சொல்ல முடியாது. எழுப்பத் தெரிந்தவன் நான் ஒருவன்தான். அதனால் அணைக்கவே கூடாது என்று சொல்லிவைத்தேன். அண்ணனின் மனைவி துளசி அண்ணி, கை தவறிப் பட்டுவிடப்போகிறது என்று ஸ்விட்ச்சின் மேல் பிளாஸ்டர் ஒட்டிவைத்தார். கரண்ட் கசிந்தால் தானாக விழுகிற டிரிப்பர் அந்த வீட்டில் இருந்தது. என் மெஷின் ஓடும்போது அது விழுந்துகொண்டே இருந்தது. அதன் வழியாகப் போகாதபடி மெஷினுக்குத் தனியாக ஒரு லைன் இழுத்தேன். அப்போது என் மனதில் கெட்ட எண்ணம் எதுவும் இல்லை.

சென்னைக் கடைக்காரர்கள் வந்திருந்த அன்று அண்ணன் எல்லோர் முன்னாலும் என்னைக் கூப்பிட்டார்.

"இன்னாபா இளவரசா, உள்ள ரெண்டு மூளையாமே?"

"ஆமாண்ணே."

"அதான் உங்கிட்ட ஒண்ணுகூட மிச்சம் இல்ல போலிருக்குது."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அண்ணி மட்டும் சிரிக்கவில்லை. "சும்மா இருங்க. பாவம், அந்தப் புள்ள ராவெல்லாம் கண்ணு முழிச்சிக்கினு வந்து உங்களுக்கு வேலை செய்யுது" என்றார். அண்ணன் செய்த கிண்டல் எனக்கு அன்றே மறந்துபோயிற்று. அண்ணி சொன்ன அந்தப் 'பாவம்' மறக்கவில்லை.

பிறகு ஒருமுறை கரண்ட் போனபோது யு.பி.எஸ். பேட்டரியும் செத்துப்போனது, அதை மாற்றவே இல்லை. மெஷின் அணைந்துவிட்டது. அதில் ஒரு முகூர்த்தப் புடவையின் டிசைன் இருந்தது. நான் எழுப்புவதற்குள் ஒருநாள் முழுக்கப் போய்விட்டது. அண்ணன் அசல் ஆப்பிளுக்கே தவணையில் ஆர்டர் கொடுத்துவிட்டார்.

"பூஜை முடியட்டும்பா. புதுசு வந்துடும். இத ஆனந்தராஜ் கடையில எடைக்குப் போட்டுடலாம். எங்கேர்ந்து வந்துச்சோ அங்கியே போவட்டும்."

சரிண்ணே என்றேன்.

ஆயுத பூஜையில் எல்லோரும் மெஷினை நிறுத்திவிட்டுத்தான் பொட்டு வைப்பார்கள். என்னுடையதை நிறுத்த முடியாது. வீட்டைக் கழுவிவிட்டிருப்பார்கள், தரை ஈரமாக இருக்கும். தறி இருக்கும் வீட்டுக்குள் யாரும் செருப்புப் போடுவதில்லை. சந்தனம் குழைத்த ஈர விரலால் இரும்பைத் தொடுவார்கள். போன வருடமும் அண்ணன் அப்படித்தான் வைத்தார். பக்கத்தில் நின்று பார்த்தேன், பெருமையாகக்கூட இருந்தது. இந்த வருடமும் அவர்தான் வைப்பார் என்று எனக்குத் தெரியும்.

அன்று ஷிப்ட் முடிந்து நேராக வந்தேன். அண்ணி வாசலில் தண்ணீர் ஊற்றிக் கழுவிக்கொண்டிருந்தார். "வாப்பா, பொரி எடுத்துக்கோ" என்றார். தூசி ஊத வேண்டும் என்று சொல்லி அறைக் கதவைச் சாத்திக்கொண்டேன். மெஷினை அணைத்தேன், திறந்தேன், ஒரு ஒயரை இடம் மாற்றினேன். எந்த ஒயர் என்று ஈ.பி. ஆள் உங்களுக்குக் காட்டியிருப்பார். மூடிவிட்டு எழுப்பினேன். அன்று முதல் முறையிலேயே எழுந்தது. அப்படி அது எழுந்ததே கிடையாது.

அண்ணன் சந்தனக் கிண்ணத்தோடு உள்ளே வந்தார். பின்னால் அண்ணி. அவர் பெட்டியின் பக்கம் போகவில்லை. கிண்ணத்தை என்னிடம் நீட்டினார்.

"இந்தா, நீயே வை. நானும் எவ்ளோவோ கிண்டல் பண்ணிட்டேன், மனசுல வச்சிக்காத. நீ செஞ்ச பொருளு, உன் கைதான் மொதல்ல படணும். எடைக்கெல்லாம் போடல. ஓரமா ஓடிக்கினு இருக்கட்டும்."

நிதானமாகத்தான் யோசித்தேன், சார். ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். ஒயர் லூசாக இருக்கிறது, இருங்கள் என்று சொல்லியிருக்கலாம், யாரும் சந்தேகப்பட்டிருக்க மாட்டார்கள். அவர் என்னை மதித்துவிட்டார், அவர் சாக வேண்டியதில்லை என்று அந்த இடத்திலேயே முடிவு செய்தேன். ஆனால் எல்லாவற்றையும் பாதியில் விடுகிறவன் என்றுதான் ஊரில் எனக்குப் பெயர். அன்று விட மனம் வரவில்லை.

"நான் இன்னும் குளிக்கலண்ணே. அண்ணி வைக்கட்டும்."

அண்ணி சிரித்தார். "இந்த வருசம் எனக்குத்தான் யோகம் போல" என்று கிண்ணத்தை வாங்கி மூன்று விரலைத் தோய்த்தார்.

சத்தம் எதுவும் வரவில்லை. கை பெட்டியிலேயே ஒட்டிக்கொண்டது. கிண்ணம்தான் கீழே விழுந்து உருண்டது. அண்ணன் பாய்ந்தார். நான் அவர் இடுப்பைச் சேர்த்துப் பிடித்தேன். "தொடாதீங்கண்ணே, நீங்களும் போயிடுவீங்க" என்றேன். அவர் என் கையைக் கடித்தார். நீங்கள் கேட்ட தழும்பு அதுதான். நான் விடவில்லை.

மெயின் ஸ்விட்ச் என் முதுகுக்குப் பின்னால்தான் இருந்தது. கை நீட்டினால் எட்டும். அதை ஏன் அணைக்கவில்லை என்று கேட்டீர்கள். அணைத்தால் மெஷினும் அணைந்துவிடும். அன்றைக்கு அவ்வளவு நன்றாக ஓடிக்கொண்டிருந்தது.

அண்ணி விழும்வரை அண்ணனைப் பிடித்துக்கொண்டுதான் நின்றேன். இல்லையென்றால் அந்த வீட்டில் இரண்டு உயிர் போயிருக்கும். பூவராகவன் அண்ணன் இன்று உயிரோடு இருப்பது என்னால்தான், சார். அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.