முக்கோணத் திருகாணி

மலிவாக ஸ்குரூட்ரைவர் முனைப்பெட்டி வாங்கப் போகிறவர்கள் செய்கிற முதல் பிழை, உள்ளே எத்தனை முனைகள் இருக்கின்றன என்று எண்ணுவது. நூறு முனை இருந்தாலும் உங்களுக்கு வேண்டிய ஒன்று அதில் இல்லாவிட்டால் அது வெறும் இரும்பு. நானும் முதலில் பெரிய பெட்டியைத்தான் கையில் எடுத்தேன். நல்லகாலம், வீட்டிலிருந்து புறப்படும்போதே திருகாணியின் தலையைத் தொலைபேசியில் படம் எடுத்து வைத்திருந்தேன். அதில் கூட்டல் குறியும் இல்லை, நட்சத்திரமும் இல்லை. சின்னதாக ஒரு முக்கோணக் குழி இருந்தது.

தமிழிலேயே எழுதித் தரலாம், மொழிபெயர்க்க ஆள் இருக்கிறார் என்றீர்கள். அதனால் ஆறுதலாக எழுதுகிறேன். பிள்ளைகள் நல அலுவலகத்தில் உங்களுக்கு வேலை நிறைய இருக்கும். ஆனாலும் ஒழுங்காகச் சொன்னால்தான் விளங்கும்.

ரொறன்ரோவில், வோபர்ன் பக்கத்தில், எங்கள் வீட்டுக்குக் கிட்ட உள்ள ஹாட்வெயார் கடையில் இரத்தினவேல் அண்ணை என்று ஒருவர் நிற்பார். படத்தைக் காட்டினேன்.

“தங்கச்சி, உது விளையாட்டுச் சாமானுக்குப் போடுற ஆணி. பிள்ளையள் கழட்டக் கூடாதெண்டுதான் உப்பிடிச் செய்யிறவங்கள்,” என்றார். “பெரிய பெட்டி வேண்டாம். உந்தச் சின்னது காணும். நல்ல இரும்பு, முனை லேசில மழுங்காது. என்ன, பற்றறி மாத்தவோ?”

“ஓம்,” என்றேன். அது பொய் இல்லை. பற்றறி மாற்றத்தான் வாங்கினேன். பதினான்கு டொலர்.

அந்த ஆணி மெலனியின் துணி முயலுக்குள் இருந்தது. மெலனி என் அக்கா நிரோஷினியின் மகள். அக்கா மூன்று வருடங்களுக்கு முன் புற்றுநோயில் இறந்துபோனாள். கடைசிக் கிழமைகளில் ஆஸ்பத்திரியில் யாரோ ஒரு தொண்டர் கொண்டுவந்து கொடுத்த முயல் அது. வயிற்றுக்குள் ஒரு பிளாஸ்ரிக் பெட்டி. முயலின் கையை அழுத்தினால் இருபது செக்கன் அக்கா பேசுவாள். “மெலனிக்குட்டி, அம்மா இஞ்சதான் இருக்கிறன். வடிவாச் சாப்பிடு. செபம் சொல்லிப்போட்டுப் படு. அம்மா எங்கயும் போகேல்லை.” வசனங்களுக்கு நடுவே அக்காவுக்கு மூச்சு வாங்கும். அதுவும் பதிவாகியிருந்தது.

அக்கா இறந்து ஆறு மாதத்தில், மன்னாரில், அம்மா என்னைக் கூப்பிட்டு இருத்தினார். “வேற ஒருத்தி வந்தால் தாயில்லாப் பிள்ளையை வதைப்பாள். நீயெண்டால் சொந்த ரத்தம்,” என்றார். எனக்கு அப்போது முப்பத்தாறு வயது. பாலர் பாடசாலை ஒன்றில் படிப்பித்துக்கொண்டிருந்தேன். என்னிடம் யாரும் விருப்பம் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. அக்காவுக்குச் சின்னதாகிப்போன சட்டைகளைப் போட்டு வளர்ந்தவள் நான். அக்காவின் கணவர் மாக்கஸ் அத்தானைக் கட்டிக்கொண்டு ரொறன்ரோவில் வந்து இறங்கியபோது, விமான நிலையத்தில் அவர் நீட்டிய குளிர்ச்சட்டையும் அக்காவுடையதுதான். பைக்குள் இரண்டு இருமல் இனிப்புகள் கிடந்தன. கார் வீட்டுக்கு வந்து சேர்வதற்குள் ஒன்றைச் சாப்பிட்டு முடித்தேன்.

மெலனியை நான் வதைக்கவில்லை. ஒருநாளும் கை நீட்டியதில்லை. அவளுக்கு விருப்பமென்று இடியப்பமும் சொதியும் வைத்துக்கொண்டு நான் நிற்பேன். அவள் முயலை மேசையில் இருத்தி, “பொறுங்கோ சித்தி, அம்மா இன்னும் சொல்லேல்லை,” என்பாள். முயல் சொன்ன பிறகுதான் வாயைத் திறப்பாள். சமைத்தவள் நான், பெயர் முயலுக்கு. ஒன்றரை வருடம் அதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். எனக்கும் மனம் என்று ஒன்று இருக்கிறது.

அத்தான் பிறம்ரனில் ஒரு வெயர்ஹவுசில் வேலை. ஞாயிறு ஒருநாள்தான் வீட்டில் நிற்பார். ஒரு ஞாயிறு பின்னேரம் மெலனி கீழே விளையாடிக்கொண்டிருக்க, அவர் அவளுடைய கட்டிலில் தனியாக இருந்து முயலின் கையை அழுத்திக்கொண்டிருந்தார். நான் வாசலில் நின்று எண்ணினேன். ஏழு தரம். ஒரு நாளில் அவர் என்னோடு பேசும் வசனங்கள் ஏழு வராது. வயிறு எரிந்தது. அதை மறைக்க விரும்பவில்லை.

பிறகு பற்றறி இறங்கி, அக்காவின் குரல் இழுபடத் தொடங்கியது. மெலனி சாப்பிடவில்லை. முதலில் கத்தி நுனியால் கழற்றப் பார்த்தேன், குழியின் ஓரம் தேய்ந்ததுதான் மிச்சம். அதற்குப் பிறகுதான் கடைக்குப் போனேன். சரியான முனை வைத்தால் அரைச் சுற்றில் இளகிவிடும். பற்றறியை மாற்றினேன். அதற்குப் பக்கத்தில், உள்ளே, குரல் பதிகிற சிவப்புப் பொத்தான் ஒன்று இருந்தது. அப்படி ஒன்று இருக்குமென்று எனக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை.

எனக்கும் அக்காவுக்கும் ஒரே குரல். தொலைபேசியில் பெற்ற தாயே ஆள் மாறிக் கூப்பிடுவார். அத்தானுக்கு அக்காவைக் கல்யாணம் பேசி வைத்திருந்த காலத்தில், கனடாவிலிருந்து அவர் தொலைபேசி எடுக்கும்போது அக்கா குளித்துக்கொண்டிருந்தால் நான்தான் அக்காவாகப் பேசுவேன். அவர் ஒருநாளும் கண்டுபிடிக்கவில்லை. அந்த நாட்களை எண்ணினால் இப்போதும் எனக்குச் சிரிப்பு வரும்.

மெலனி பள்ளிக்கூடம் போயிருந்தாள். பேஸ்மென்ற் படிகளில் மூன்று தரம் ஏறி இறங்கினேன். மூச்சு வாங்கத் தொடங்கியதும் பொத்தானை அழுத்தி, அக்காவின் வசனங்களை அப்படியே சொன்னேன். ஒரு சொல்லும் மாற்றவில்லை. அன்று பின்னேரம் முயல் பேசியது, மெலனி சாப்பிட்டாள். ஞாயிறு வந்தது. அத்தான் கட்டிலில் இருந்து முயலின் கையை அழுத்தினார். கொஞ்ச நேரத்தில் கண்ணைத் துடைத்தார். என் குரலுக்கு ஒரு ஆண் அழுதது என் வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை.

அதன் பிறகு ஒரு ஒழுங்கு வைத்துக்கொண்டேன். சனி காலையில் மெலனி தமிழ் வகுப்புக்குப் போனதும் பழைய வசனம், அது அத்தானுக்கு. திங்கள் காலையில் புதிய வசனம், அது மெலனிக்கு. கிழமைக்கு இரண்டு தரம் கழற்றிப் பூட்டுகிற ஆணிக்கு மட்டமான முனை தாங்காது. இரத்தினவேல் அண்ணை சொன்னது சரி.

முதல் திங்கள், “சித்தி சொல்லுறதைக் கேள். இது எங்கட ரகசியம், அப்பாட்டச் சொல்லாதை,” என்று பேசினேன். அவள் முயலைக் காதோடு வைத்துக் கேட்டுவிட்டுத் தலையை ஆட்டினாள். இரண்டு கிழமை கழித்து, “சித்தியை அம்மா எண்டு கூப்பிடு.” அவள் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு கூப்பிட்டாள். கூப்பிட்டாள்தானே. அன்று நான் பால்ரொட்டி சுட்டேன்.

ஆனால் அவள் அழுகிற பிள்ளை. குளிக்க வார்த்தால் அழுகை, தலை வாரி இழுத்தால் அழுகை, கோயிலில் யாராவது “கொம்மா மாதிரியே இருக்கிறாய்” என்றால் அழுகை. எல்லோரும் என் முகத்தைத்தான் பார்ப்பார்கள். தை மாதத்தில் ஒரு திங்கள், “நீ அழுதால் அம்மா போயிடுவன். பிறகு வரவே மாட்டன்,” என்று பேசி வைத்தேன். அடுத்த நாளே அழுகை நின்றது. என்ன அருமையான வளர்ப்பு என்று கோயிலில் மரியம்மா அன்ரி என் கையைப் பிடித்துச் சொன்னார். இந்த நாட்டுக்கு வந்ததிலிருந்து என்னை ஒருவர் பாராட்டியது அதுதான் முதல் தடவை.

மாசியில் நடந்தது உங்களுக்குத் தெரியும். இடைவேளையில் பனிக்கட்டியில் வழுக்கி விழுந்தாள். மணிக்கட்டு முறிந்தது. முறிந்த கையோடு கடைசி மணி அடிக்கும் வரைக்கும் வகுப்பில் இருந்திருக்கிறாள். குளிர்ச்சட்டையின் சிப்பை இழுக்க முடியாமல் நின்றபோதுதான் ரீச்சர் கண்டிருக்கிறார். ஆஸ்பத்திரியில் தாதி, நோகிறதா, அழலாமே என்று கேட்டிருக்கிறார். அழுதால் அம்மா போய்விடுவா என்று இவள் இங்கிலீசில் சொல்லியிருக்கிறாள். பிள்ளையின் தாய் இறந்து மூன்று வருடம் என்று அத்தான் தாதியிடம் சொன்னார். அதைச் சொல்லிவிட்டு என்னைப் பார்த்தார்.

அது வியாழக்கிழமை. அத்தான் வியாழக்கிழமைகளில் முயலைத் தொட்டதில்லை. அன்று வீட்டுக்கு வந்ததும் நேரே மேலே போய் அதன் கையை அழுத்தினார். நான் குசினியில் நின்று என் குரலைக் கேட்டேன். அவர் கீழே இறங்கி வர நேரம் எடுத்தது.

“அப்ப ஞாயிற்றுக்கிழமையளில நான் கேட்டது ஆற்ற குரல்?” என்றார்.

“என்ர குரல்தான் அத்தான்,” என்றேன்.

அதன் பிறகு அவர் என்னோடு பேசவில்லை. பேசாமல் இருப்பது அவருக்குப் புதிதில்லை.

அக்காவின் பதிவு வேறு எங்காவது இருக்கிறதா என்று நீங்கள் இரண்டு தரம் கேட்டீர்கள். இல்லை. அந்தப் பெட்டிக்குள் ஒரு குரலுக்குத்தான் இடம். நான் முதல்நாள் பொத்தானை அழுத்தியபோதே அக்கா அழிந்துபோனாள். அழியும் என்று எனக்குத் தெரிந்திருந்ததா என்றும் கேட்டீர்கள். தெரிந்திருந்தது. மூடியின் உட்பக்கத்தில் எழுதியிருந்தது, நான் வாசித்தேன். வாசித்துவிட்டுத்தான் படியேறப் போனேன்.

தாதி உங்களுக்கு அறிவித்ததிலிருந்து மெலனி உங்கள் பொறுப்பில் இருக்கிறாள். இன்னும் அவள் அழவில்லை, முயலை மட்டும் கேட்கிறாள் என்றீர்கள். முயலைச் சாட்சிப்பொருள் என்று பையில் போட்டு வைத்திருக்கிறீர்கள். அது அவளுக்குச் செய்கிற கொடுமை, அதை நீங்கள் யோசிக்க வேண்டும். முனைப்பெட்டி எங்கள் குசினியில் இரண்டாவது லாச்சியில் இருக்கிறது. முக்கோண முனை கொஞ்சமும் மழுங்கவில்லை. அதையும் முயலையும் ஐந்து நிமிடம் என்னிடம் தாருங்கள். இனி அழலாம் என்று சொல்லி விடுகிறேன், அவள் கேட்பாள். அந்தப் பிள்ளைக்கு இப்போது தாயின் குரல் வேண்டும். அது என்னிடம் மட்டும்தான் இருக்கிறது.